முட்டுக்காட்டிலிருந்து வந்த நான்கு டயர்கள்

செங்கல்பட்டு புறவழிச் சாலையில் அவர் பழைய டயர் விற்கிறார். டயருக்குள் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சுற்று முழுதும் தடவிப் பார்ப்பார். எங்காவது வீக்கமோ வெட்டோ இருந்தால் விரல் நின்றுவிடும். நகங்களெல்லாம் கருப்பு. வந்தவர்களின் முகத்தை அவர் பார்த்து நான் கண்டதில்லை.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். முதலில் கார் வாங்கியவனும் நான்தான். பழைய வண்டி, சின்னது, ஆனால் டர்போ. கையிலிருந்ததையெல்லாம் எஞ்சினின் வேகத்தைக் கூட்டுவதிலேயே கரைத்துவிட்டேன். அந்த வேகத்துக்கு அகலமான டயர் வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது.

அவர் நான்கு டயர்களை உருட்டி வந்தார். புதியவை போலவே இருந்தன.

"யார் வண்டியில இருந்தது அண்ணாத்த?"

"உன்ன மாதிரி ஒரு பையன். இதே மாடல் வண்டிதான். முட்டுக்காட்டாண்ட மரத்துல வுட்டான்."

"பையனுக்கு இன்னா ஆச்சு?"

"ஸ்பாட்லயே பூட்டான். டயருக்கு ஒண்ணும் ஆவல, தடவிப் பாத்துட்டேன். மாட்டவா, வேணாவா?"

மாட்டச் சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

கடைசி நட்டை முடுக்கியபடி கேட்டார்: "எங்க ஓட்டுவ?"

"ஞாயித்துக்கிழமையானா மாமல்லபுரம் ரோட்டுல."

"அப்ப சரி. இதே சைஸ இன்னொருத்தன் கேட்டுகினு கீறான். கொஞ்ச நாள் வெயிட் பண்ணச் சொல்றேன்."

அவர் சிரிக்கவில்லை. வண்டி ஓட்டும்போது நான் இப்போது அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவதில்லை. என்னைப் பயமுறுத்தத்தான் அப்படிச் சொன்னாரா, இல்லை அந்த இன்னொருவன் நிஜமாகவே காத்திருக்கிறானா என்பது மட்டும் இன்னும் எனக்குத் தெரியவில்லை.