ஃபேன் போடாமல் அளந்த சத்தம்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் காற்றாலையின் சத்தத்தை அளக்க இன்று அதிகாரி ஒருவர் வந்தார். போன வருடம் நாங்கள் கொடுத்த மனுவுக்கு!

கதவு, ஜன்னலை மூடச் சொன்னார். ஃபேனையும் நிறுத்தச் சொன்னார். அறந்தாங்கி வெயிலில், மூடிய அறைக்குள், அந்த உறுமல் மட்டும் நெஞ்சுக்குள் இறங்கியது.

அவர் மீட்டரை வைத்ததும் என் மனைவி ஃபேனைப் போட்டுவிட்டாள்.

"வீட்டுக்கு வந்தவங்கள இப்புடியா வேர்க்க வேர்க்க ஒக்கார வைக்கிறது?"

நிறுத்தினோம். மோர் கொண்டுவந்தவள், போகிற போக்கில் மறுபடி போட்டாள். அதற்குள் கரண்டே போய்விட்டது.

"இப்பத்தாங்க சரியா அளக்க முடியும்" என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

அளந்து முடித்துவிட்டு, "அளவுக்குள்ளதான் இருக்குங்க" என்றார்.

"எங்களுக்குத் தலை கனக்குதே சார்?"

"எனக்குமே காது அடைக்குதுங்க. ஆனா இந்த மீட்டர் காதுல கேக்குறதத்தான் காட்டும். இந்த அதிர்வுக்கு வேற மீட்டர் வேணும். அது எங்ககிட்ட இல்லீங்க."

அவர் கிளம்பிவிட்டார். நாங்கள் எங்கே கிளம்புவது? வீட்டை விற்கலாமென்றால், பார்க்க வருகிறவர்கள் முதலில் அண்ணாந்து அதைத்தான் பார்க்கிறார்கள்.

இன்னும் கரண்ட் வரவில்லை. காற்றாலை மட்டும் சுற்றுகிறது. அது தயாரிக்கும் கரண்ட் யார் வீட்டு ஃபேனுக்குப் போகிறது? உங்கள் வீட்டுக்கென்றால் கமெண்டில் சொல்லுங்கள். வந்து ஒரு ராத்திரி அந்த ஃபேனுக்கடியில் தூங்கிவிட்டுப் போகிறோம்.