யாரை எண்ணினார்கள் என்று கேட்டுப் புத்தகம் வாங்கிய ஐயா

எங்கள் ஐயாவின் ஆண்டுத் திதிக்கு வந்து, பந்தியில் உட்காரும் முன் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே! ஐயா பெரிய தைரியசாலி என்று நான் எழுதப்போவதில்லை. நினைவு மலர்களில் எல்லாரும் தைரியசாலிகளாகத்தான் காலமாகிறார்கள். எங்கள் ஐயா பயந்த மனிதர். இடி இடித்தால் சன்னலைச் சாத்துவார். பிள்ளைகளுக்கு உடம்பு சற்றுச் சுட்டாலும் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவர் சாவைக் கணக்கிடும் புத்தகங்களைத் தெரிந்தெடுப்பதையே உத்தியோகமாகச் செய்தார். அதைத்தான் எழுத வந்தேன்.

ஐயா பிறந்தது யாழ்ப்பாணத்தில், வடமராட்சிப் பக்கம். தகப்பனைச் சிறு வயதிலேயே இழந்தவர். தமையனாராகிய எங்கள் பெரியையாதான் அவரை இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் படிப்பித்தார். கணிதத்தில் கெட்டிக்காரர், ஆனால் வாத்தியார் கரும்பலகைக்குக் கூப்பிட்டால் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும் என்பாராம். பெரியையா சிங்கப்பூருக்கு வந்து உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தவர், தம்பியையும் அழைப்பித்துக்கொண்டார். கப்பலில் வந்த நாளெல்லாம் ஐயா கண்ணை மூடித் தேவாரம் சொல்லிக்கொண்டே வந்ததாகப் பெரியையா சொல்லிச் சிரிப்பார்.

ராஃபிள்ஸ் சதுக்கத்தில் இருந்த ஓர் ஆயுள் காப்புறுதிக் கம்பெனியின் கந்தோரில் ஐயாவுக்கு எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. ஊருக்குப் போய் அம்மாவைக் கைப்பிடித்து வந்து, சிராங்கூன் வீதியை ஒட்டிய ஒரு சந்தில், மாட்டுக் கொட்டில்களின் வாசனைக்கு நடுவே குடித்தனம் வைத்தார். நாங்கள் பிறந்தோம். எத்தனை பேர் என்று அம்மா இருக்கும்வரை நானும் எழுதமாட்டேன். பிள்ளைகளை எண்ணினால் கண்ணூறு படும் என்பது அம்மாவின் தீராத பயம். யாராவது கேட்டால், "கடவுள் தந்தது கிடக்கு" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

கந்தோர்த் துரை ஒருநாள் ஐயாவை அழைத்து, சீமைக் கந்தோர்களைப்போல் இனி இங்கேயும் ஓர் அலமாரி நிறையப் புத்தகம் இருக்க வேண்டும், கணிதம் தெரிந்தவர் நீதான், பட்டியல் போடு என்றாராம். எந்த வயதில் எத்தனை பேர் சாகிறார்கள், எது எவ்வளவு தூரம் நடக்கக்கூடும் என்று கணக்கிடும் நூல்கள் அவை. இந்தக் கணிதத்துக்கு நம்மவர் மொழியில் நல்ல ஒரு சொல் அகப்படவில்லையே என்று ஐயா கடைசிவரை குறைப்பட்டார்.

புத்தகங்கள் சீமையிலிருந்து வர வேண்டும். கையில் இருப்பதோ விலைப்பட்டியல் ஒன்றுதான். தலைப்பை மட்டும் பார்த்து ஐயா தருவித்த முதல் நூலைப் பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் தாயக்கட்டையும் சீட்டும். பாடநூல்தான் அது, ஆரம்பப் பாடங்களைச் சூதாட்டத்தை வைத்துச் சொல்லிக்கொடுக்கும் நூல். ஐயா அதைப் படித்துப் பழக வீட்டுக்குக் கொண்டுவர, அம்மா படங்களைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டு நாகப்பட்டினத்து அக்காவோ வேறு பயன் கண்டுபிடித்துவிட்டார். "அய்யா, அந்தப் பொஸ்தகத்தப் பாத்து நாளைக்கி எந்த எழுத்து விழும்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்களேன்" என்று வாசலில் வந்து நின்றார். சீனர் நடத்தும் பன்னிரண்டு எழுத்துச் சூதில் அப்போது பாதித் தெரு காசு கட்டியிருந்தது. போலீஸ் வந்துவிடுமோ என்று ஐயாவுக்கு வியர்த்துக் கொட்டியது. அன்றே அந்த நூல் கந்தோருக்குத் திரும்பிப் போயிற்று.

அதன் பிறகு ஐயா பார்க்காமல் ஒரு நூலும் வாங்கவில்லை. ராஃபிள்ஸ் சதுக்கத்துப் புத்தக வியாபாரி ஒருவரைப் பிடித்து, நூலைத் தருவித்துப் பார்த்து, வேண்டாமென்றால் அடுத்த தபால் கப்பலில் திருப்பிவிடலாம் என்று பேசிக்கொண்டார். ஆசிரியரின் பட்டங்களை ஐயா பார்ப்பதில்லை. முன்னுரையைத் திறந்து, "யாரை எண்ணியிருக்கினம்?" என்றுதான் தேடுவார். தான் எண்ணாமல் விட்டவர்கள் யார் என்று ஆசிரியர் ஒளிக்காமல் சொல்லியிருந்தால் மேலே படிப்பார். எல்லாம் தெரிந்ததுபோல் எழுதியிருந்தால் மூடி வைத்துவிடுவார். கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டாரை விசாரிப்பதுபோல் விசாரிக்கிறாரே என்று நாங்கள் கேலி செய்வோம்.

ஒரு வருடம் இரண்டு நூல்கள் வந்தன. கந்தோரின் கணக்கெல்லாம் இனி எந்த நூலின் மரண அட்டவணையை வைத்துப் போடுவது என்று ஐயா சிபாரிசு எழுத வேண்டும். சிவப்பு மட்டை நூல் இங்கிலாந்து மக்களை எண்ணி எழுதியது. அழகான அச்சு, எல்லாக் கந்தோரும் வைத்திருப்பது. கறுப்பு மட்டை நூலை எழுதியவர் ஒரு டாக்டர். உஷ்ண தேசத்துத் துறைமுகங்களில், எங்கள் சிங்கப்பூர் உட்பட, இறப்புப் பதிவுகளைத் தேடி எடுத்து எழுதியிருந்தார். சில வருடங்களுக்கு ஒருமுறை புதிய கணக்கைச் சேர்த்து மறுபதிப்பு வருமாம். பார்க்கச் சகிக்காத அச்சு. ஆனால் எண்ணப்பட்டவர்கள் நாங்கள்.

ஐயா அதை விரித்து வைத்திருந்தபோது அம்மா விளக்குக்கு எண்ணெய் விட வந்தார். அம்மாவுக்கு இங்கிலீசு தெரியாது, இலக்கம் தெரியும்.

"இஞ்சேருங்கோ, இதென்ன, கீழ வரவர இலக்கம் குறைஞ்சுகொண்டு போகுது?"

"அது ஆக்கள். லட்சம் பிள்ளையள் பிறந்தால், ஒவ்வொரு வயசிலும் மிச்சம் எத்தனை பேர் எண்டு கிடக்கு."

அம்மா முதல் வரியையும் அதற்கடுத்த வரிகளையும் பார்த்தார். முதல் சில வருடங்களிலேயே இலக்கம் சரிந்து விழுந்திருந்தது. "மற்றவையெல்லாம் எங்க போயிட்டினம்?" என்று கேட்டார். ஐயா அந்தப் பக்கத்தைக் கையால் மறைத்தார். அம்மா விடவில்லை. "எங்கட சின்னவன் இப்ப எந்த வரியில நிக்கிறான்?"

"பயப்பிடாதையும். இது ஒருத்தரையும் குறிச்சுச் சொல்லேல்லை."

"நீங்கள் பயப்பிடேல்லையோ?"

"நானும் பயந்து பயந்துதான் பாக்கிறன்," என்றார் ஐயா.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பயம் குடிவந்தது. அம்மா அந்த நூல் இருந்த அறைக்குள் எங்கள் கடைக்குட்டியான சின்னத்தம்பியைப் போக விடவில்லை. நானும் அதன் கறுப்பு மட்டையைக் கண்டால் சுற்றிக்கொண்டு போவேன். மழைக்காலம் வந்தது. சந்தில் தண்ணீர் தேங்கி நுளம்பு மொய்த்தது. ஒரு வெள்ளிக்கிழமை சின்னத்தம்பிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது.

கொயினா கொடுத்தோம். டாக்டர் வந்து பார்த்தார். காய்ச்சல் விடுவதும் திரும்பப் பிடிப்பதுமாக இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா தினமும் கஞ்சியோடு வந்து, "புள்ளைக்கி இன்னும் விடலியா? ஆத்தா கைவிட மாட்டா, நீங்க மனச விட்டுடாதீங்க" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வார். அம்மாவோ ஐயாவைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தப் புத்தகத்தை வீட்டை விட்டு எடுங்கோ. உங்களைக் கும்பிட்டன்." அதில் ஒன்றும் இல்லை என்று ஐயா தர்க்கம் பண்ணவில்லை. கொட்டும் மழையில் வேட்டித் துணியில் சுற்றி ரிக்‌ஷாவில் ஏற்றிக் கந்தோரில் கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து பிள்ளையின் காலடியில் உட்கார்ந்தவர் எழும்பவேயில்லை. சின்னத்தம்பி தைப்பூசத்துக்கு முன் எங்களை விட்டுப் போய்விட்டான்.

இந்த மலரை வாசிக்கும் சிலர் அன்று என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியும். மரணப் புத்தகத்தை வீட்டில் வைத்தால் வேறென்ன நடக்கும் என்றார்கள். வாய்க்குப் பூட்டா போட முடியும்? ஐயாவின் காதிலும் அது விழுந்தது. கணக்குத் தெரிந்த மனிதர், நானே பிள்ளையைக் கொன்றுவிட்டேனோ என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் புத்தி பேதலித்துவிடுமோ என்று நான் மிகவும் பயந்தேன்.

தபால் கப்பல் புறப்படும் நாள் நெருங்கியது. இரண்டில் ஒன்றைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஐயா சிவப்பு மட்டையைச் சிபாரிசு செய்து எழுதி முடித்து, அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவிடம் வந்து நின்றார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"கறுப்பைத் திருப்பி அனுப்புறன். இனி அது இந்த ஊரிலயே இராது. நீர் பயப்பிட வேண்டாம்."

அம்மா அரிசியிலிருந்து கையை எடுக்கவில்லை. "மற்றப் புத்தகத்தில எங்கட பிள்ளை இருக்கிறானோ?"

"இல்லை. அதில இருக்கிறது இங்கிலாந்து ஆக்கள்."

"கறுப்பில?"

"இனி வாற பதிப்பில இருப்பான். பேர் இராது. ஒரு ஆளாக எண்ணியிருப்பினம்."

அம்மா களைந்த தண்ணீரை வடித்தார். பிறகு, "அப்ப அதையே வாங்குங்கோ" என்றார். "ஒருத்தரும் எண்ணாமல் விட்டால் அவன் பிறக்கவேயில்லை எண்டு ஆகிப்போகும்."

ஐயா அடுப்படி நிலத்திலேயே உட்கார்ந்து அழுதார். எழுதிய சிபாரிசை அடுப்பில் போட்டுவிட்டு வேறு எழுதினார். துரைக்கு ஆரம்பத்தில் விருப்பமில்லை; பிறகு ஒப்புக்கொண்டார். மறுபதிப்பு வந்த அன்று ஐயா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் ஒரு வரியைக் காட்டினார். அம்மா அந்த இலக்கத்தின்மேல் விரலை வைத்து நெடுநேரம் எடுக்கவில்லை.

அதன் பின் ஐயா எத்தனையோ நூல்களைத் தருவித்தார். கணிதம் படிக்கும் இளைஞர்கள் எந்தப் பாடநூலில் தொடங்குவது என்று கேட்டு வீட்டுக்கு வருவார்கள். தாயக்கட்டை நூலையே முதலில் கொடுத்து, மனைவிமாருக்குக் காட்டாதையுங்கோ என்று சொல்லி அனுப்புவார். சென்ற ஆண்டு நெஞ்சுவலி கண்டது. அந்த மாதங்களில் நாங்கள் யாரும் அட்டவணையில் ஐயாவின் வயதுக்கு நேரே பார்க்கவில்லை. அவர் பார்த்திருப்பார். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமாக் கிடக்கு பிள்ளை" என்றார். நானும் பயத்தோடுதான் இருந்தேன். அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தோம். மறுநாள் காலையில் சிவபதம் அடைந்தார்.

வேளை பாராமல் வந்த டாக்டருக்கும், பாடையைத் தோள்கொடுத்துச் சுமந்த கந்தோர் நண்பர்களுக்கும், எட்டாம் நாள் வரை எங்கள் வீட்டில் உலை ஏற விடாமல் தன் வீட்டில் சமைத்துக் கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், புத்தகத்தைப் பற்றிய பழைய பேச்சை மறந்து தேவாரம் பாட வந்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. ஐயாவுக்குத் தம்பி முறையான சித்தப்பாவுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இறப்பைப் பதிய அன்று போனவர் அவர்.

ஐயாவை வேலையில் சேர்த்தபோது பெரியையா அவருடைய வயதைக் குறைத்துக் கொடுத்திருந்தார். நம்மவர் வீடுகளில் உத்தியோக வயது ஒன்று, சாதக வயது ஒன்று என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பதிவில் உண்மையான வயதைச் சொன்னால், பொய் சொல்லிச் சேர்ந்தவர் என்று கந்தோர் அம்மாவுக்குக் கொடுக்கும் உதவித்தொகையை நிறுத்திவிடலாம். எங்களுக்கு அதைவிட வேறு ஆதாரமில்லை. அதனால் சித்தப்பா, "கந்தோர் வயசையே குடுப்பம் அண்ணி, ஏன் வில்லங்கம்?" என்று கேட்டார். நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம்.

ஐயாவின் தலைமாட்டில் இருந்த அம்மா நிமிர்ந்தார். "சாதகத்தில இருக்கிற வயசைக் குடு. அவர் பிழையான வரியில போய் நிக்கக்கூடாது."

"அண்ணி, காசை நிப்பாட்டிப் போடுவாங்கள்."

"தெரியும். எனக்கும் பயமாத்தான் கிடக்கு. போய்ச் சரியாச் சொல்லிப்போட்டு வா. அந்தப் புத்தகத்துக்குள்ள என்ர பிள்ளை தனிச்சு நிக்கிறான்."