தூக்க வேண்டியது எந்தச் சட்டை

அந்த மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவளுக்குக் கம்பி அக்கா என்று பெயர். நர்ஸ்களின் சட்டைகள் துவைத்துத் தேய்த்து, ஒரு நீளக் கம்பியில் வந்து தொங்கும். ஒவ்வொன்றின் காலரிலும் ஓர் எண். காலையில் நர்ஸ்கள் வரும்போது சட்டைகள் எண் வரிசையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் போடும் சத்தத்தில் நோயாளிகளே எழுந்து நடந்துவிடுவார்கள்.

இவளுக்கு முன்பு அந்த வேலை பார்த்தவள் எல்லாவற்றையும் கழற்றி மேசையில் குவித்து, ஒன்றிலிருந்து ஆரம்பித்து மாட்டுவாள். இவளுக்கோ வலது தோள் சரியில்லை. கையை மேலே தூக்கினால் உயிர் போய் உயிர் வரும். அதனால் முதலில் சட்டைகளைத் தொடவே மாட்டாள். இடுப்பில் கை வைத்து ஒரு பார்வை. நான்கு, ஒன்று, இரண்டு, ஆறு, மூன்று, ஐந்து என்று தொங்குகிறதா? ஒன்றும் இரண்டும் மூன்றும் ஐந்தும் முன்பின்னாக ஒழுங்காகத்தான் நிற்கின்றன. அவற்றில் கை வைக்காதே. நான்கையும் ஆறையும் மட்டும் எடுத்து உரிய இடத்தில் மாட்டு. தோளுக்கு இரண்டு வலியோடு வேலை தீர்ந்தது.

"ஒழுங்கா நிக்கிறவங்கள எதுக்குக் கிளப்பணும்?" என்பாள்.

கணவர் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு ஒற்றை அறை வாசம். பிள்ளைகள் இல்லை. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதை நகர்த்திவைக்கவாவது ஒரு ஆள் இருக்கக்கூடாதா என்று ஏங்குவாள்.

ஒருநாள் வெளியூரிலிருந்து தம்பி போன் செய்தான். "தனியா கிடந்து எதுக்குக்கா கஷ்டப்படுறே? இங்க வந்துடு."

தன் பாணியிலேயே கணக்குப் போட்டாள். அங்கே தம்பி, அவன் மனைவி, படிக்கிற மகள், மூவரும் ஒழுங்காக நிலைத்திருக்கிறார்கள். இங்கே இவள் ஒருத்தி. ஒருத்தி கிளம்பினால் போதும். வேலையை விட்டாள். அறைச் சாவியைக் கொடுத்தாள். அடுத்த வாரமே அங்கே வேறு ஆள் குடிவந்தாயிற்று.

தம்பி வீட்டுக்குப் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. மகளின் அறை அத்தைக்கு வந்தது. மகளின் கட்டில் கூடத்துக்குப் போனது. கூடத்திலிருந்த தையல் மிஷின் சமையலறை மூலைக்கு, அங்கிருந்த பீரோ தம்பியின் தலைமாட்டுக்கு. எல்லோரும் தங்கமானவர்கள், ஒருவர்கூட முகம் கோணவில்லை. யாராவது மூஞ்சியைத் தூக்கிவைத்திருந்தால் இவளும் நாலு வார்த்தை சண்டை போட்டு ஆறியிருப்பாள்.

கம்பியில் ஒரு சட்டையைச் செருகும்போது பக்கத்துச் சட்டைகள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் நெருங்கி இடம் விடும். விரலால் தள்ளினால் போதும், தோள் வலிக்காது. வலிக்காததை அவள் ஒருநாளும் எண்ணியதில்லை.

"நான் கூடத்துல படுத்துக்கிறேன்டா," என்று சொல்லிப் பார்த்தாள். "பாக்கிறவங்க என்னைக் காறித் துப்பவா?" என்று தம்பி கோபித்துக்கொண்டான்.

ஒரு ஞாயிறு மதியம், சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தாள். "லாண்டரியில திரும்பக் கூப்பிடுறாங்க. நான் இல்லாம ஒண்ணும் ஓடலையாம்."

யாரும் கூப்பிடவில்லை. போகாதே என்று மூவரில் ஒருவர் சொன்னால் போதும், அங்கேயே இருந்துவிடலாம் என்று இருந்தாள். தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் காத்திருந்தாள்.

"உனக்கு எது சரின்னு படுதோ செய்க்கா," என்றான் தம்பி.

"அங்கதானே உங்களுக்குப் பழக்கம், அண்ணி," என்றாள் அவன் மனைவி.

தட்டில் மிச்சமிருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினாள். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "அப்போ கட்டிலை இன்னிக்கே உள்ள போட்டுடுங்க. நாளைக்கு ஆளுக்கொரு பக்கம் ஓடுவீங்க," என்றாள்.

அவ்வளவுதான். மூவரும் சேர்ந்து கட்டிலைத் தள்ளினார்கள். அது நிலைப்படியில் குறுக்கே மாட்டிக்கொண்டது. தம்பி கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் சிக்கிக் கத்த, தாயும் மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அவள் வந்ததிலிருந்து அந்த வீட்டில் அப்படியொரு சிரிப்பு கேட்டதே இல்லை. தலையணையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

தம்பி வியர்வையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். "டிக்கெட் காலை வண்டிக்குப் போடவாக்கா, சாயங்கால வண்டிக்கா?"

"காலை வண்டிக்கே போடுடா. நீங்கல்லாம் வேலைக்குப் போக லேட்டாகக் கூடாது," என்றாள், இறங்கி எங்கே போவது என்று தெரியாதவள்.