இடம் குறிக்காத ஊதாப் பூ

"மார்ச் 14, காலை 6.52. களப்புக் கரைச் சேற்றில் ஊதாப் பூ. இதழ் ஐந்து. உமிரிச் செடிகளுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு. ஒன்று பறித்தேன்."

என் நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான். அந்தப் பூவும் பக்கங்களுக்கிடையில் இருக்கிறது; நிறம் போய்த் தேநீர்க் கறைபோல ஆகிவிட்டது. அன்று நான் பூப் பார்க்கப் போகவில்லை. இந்தக் களப்புக்கு, அதாவது கடலோர உப்பேரிக்கு, பூநாரைகள் வரும் நாளையும் போகும் நாளையும் பல வருடங்களாகக் குறித்து வருகிறேன். குறிஞ்சாக்கேணியில் ஒரு மீனவர் இருக்கிறார். ஊரார் அண்ணனை அழைப்பதுபோல, நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். வலை எடுக்கப் போகும்போது என்னையும் தோணியில் ஏற்றிக்கொள்வார்.

ஜூலையில் நூலகத்தில் தாவரங்கள் பற்றிய தடித்த நூல் ஒன்றைப் புரட்டும்போது, அதே பூவைப்போன்ற ஒரு படம் கண்ணில் பட்டது. உப்புச் சேற்றில் மட்டும் வளர்வது, மிக அருகிவிட்டது, சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது என்று கீழே எழுதியிருந்தது. அது வளரும் நிலத்தை நிரப்பவும் கூடாது. வீட்டுக்கு வந்து பூவைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அன்றைக்கே உரிய அரசாங்கக் கந்தோருக்குக் கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். ஒருவரிடமும் கேட்கவில்லை.

ஒரு வாரத்தில் அங்கிருந்து ஓர் இளம் பெண் உத்தியோகத்தர் தொலைபேசியில் பேசினார்.

"பூவை ஆர் ஐயா புடுங்கினது?"

"நான்தான்."

"அதுவும் குற்றம்தான், தெரியுமோ?"

"இப்ப தெரியும்."

அவர் சிரித்தார். "சரி, அதை விடுங்கோ. எந்த இடம்?"

நாட்குறிப்பை எடுத்தேன். நேரம் நிமிடம்வரை இருந்தது. இடம் இல்லை. களப்பின் கரை வளைந்து வளைந்து போகிறது. தோணியில் இருந்து பார்த்தால் எனக்கு எல்லாக் கரையும் ஒன்றுதான். கேட்டுச் சொல்வதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்த பிறகுதான் உறைத்தது. நான் கேட்கவேண்டிய ஆள் அந்த மீனவர் நானாதான்.

நானாவின் குதிக்காலில் திருக்கை முள் குத்திய புண் ஆறாமல் இருந்தது. தண்ணீர் வற்றும் மாதங்களில் முழங்கால் சேற்றில் இறங்கித்தான் தோணியைக் கரைக்கு இழுக்கவேண்டும். இப்படியே சேற்றில் வைத்தால் காலை எடுக்கவேண்டி வரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். நானாவும் அயலவர்களும் பலமுறை மனுக் கொடுத்து, இந்த வருடம்தான் ஓர் இறங்குதுறைக்கு இடம் அளந்து சிவப்பு முளைகள் அடித்திருந்தார்கள். சேற்றில் கிரவல் மண் கொட்டி நிரப்பிக் கட்டப்போகிறார்கள். நான் பூவைக் கண்டது அந்த முளைகளுக்குள் என்றால் வேலை நின்றுவிடும்.

இரண்டு நாளாக எதிலும் மனம் நிலைகொள்ளவில்லை. வாசித்த பக்கத்தையே திரும்ப வாசித்தேன். அன்று காலை பூவைப் பறித்தபோது ஊர்ப் பள்ளிவாசல் இடப்பக்கம் தெரிந்ததா, முதுகுப்பக்கமா? ஒரு தடவை அப்படி, ஒரு தடவை இப்படித் தோன்றியது. கடிதத்தைத் திருப்பி வாங்க முடியுமா என்றுகூட யோசித்தேன். மூன்றாம் நாள் பஸ் ஏறினேன்.

நானா முற்றத்தில் இருந்து கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"பூவுக்குச் சட்டம் இரிக்கி. நல்லம். என்ட காலுக்கு என்ன சட்டம் இரிக்கி எண்டு ஒங்கட புத்தகத்தில பார்த்தீங்களா ஐயா?"

அவருடைய மனைவி தேத்தண்ணியோடு வந்தார்.

"ஐயா எல்லாத்தயும் எழுதுறவர் எண்டு தெரிஞ்சுதானே தோணியில ஏத்தினீங்க. இப்ப என்ன கோவம்?"

"கோவம் இல்ல. மணிக்கூட்டப் பார்த்துப் பார்த்து எழுதின மனுசன் கரைய ஒருக்கா நிமிர்ந்து பார்க்கல்லயே எண்டுதான்." ஊசியைக் கீழே வைத்தார். "அந்த மிஸ்ஸ வரச் சொல்லுங்க. காட்டுறன்."

"இடம் ஞாபகம் இருக்கோ நானா?"

"களப்பில எனக்கு ஞாபகம் இல்லாத இடம் எது?"

ஓகஸ்ட் 6, செவ்வாய். கச்சான் காற்று அறைந்துகொண்டிருந்தது. உத்தியோகத்தரும் நானும் தோணியில் ஏறினோம். நானா புண்ணைப் பொலித்தீன் பையால் சுற்றிக் கட்டியிருந்தார். தோணி சிவப்பு முளைகளைக் கடந்தபோது அவருடைய முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அரை மைல் தள்ளி எஞ்சினை நிறுத்தினார்.

"இந்தா, இதுதான்."

சேறு வெடித்து, மேலே உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. உமிரி சிவந்து நின்றது. அந்தப் பூச்செடி ஒன்றுகூட இல்லை.

"இப்ப பூக்காது மிஸ். மாரி முடிஞ்சு தண்ணி வத்தக்குள்ளதான்."

உத்தியோகத்தர் தலையாட்டினார். கையிலிருந்த கருவியைப் பார்த்து இடத்தின் எண்களைக் குறித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, இந்த இடம்தானே?"

நானா எஞ்சின் கயிற்றைக் கையில் சுற்றியபடி இருந்தார். ஓம் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. இல்லை என்றால் அவரைப் பொய்யர் ஆக்கவேண்டும்; அதற்கும் ஆதாரம் இல்லை.

"எனக்குத் தெரியாது பிள்ளை. அவர் சொல்லுறார்."

உத்தியோகத்தர் படிவத்தில் அப்படியே எழுதினார்: இடம், படகோட்டியின் கூற்றுப்படி. நான் ஒப்பமிட்டேன். திரும்பி வந்தோம். கரையில் நானா வழக்கம்போலச் சேற்றில் இறங்கி இழுத்தார். நானும் இறங்கித் தள்ளினேன்.

செப்டெம்பரில் கிரவல் லொறிகள் வந்தன. இறங்குதுறை கட்டி முடிந்துவிட்டது. நானா இப்போது காலில் சேறு படாமல் இறங்குகிறார். முளைகள் நின்ற நிலத்தை இனி யாரும் பார்க்க முடியாது. அவர் காட்டிய இடத்தில் அடுத்த பருவம் பூத்தால் தெரியவரலாம். நான் பூவைப் பறித்தது அங்கேதான் என்பது, இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.