சித்தி சொந்தமாகச் சொன்ன முதல் ஆங்கில வாக்கியம்

அந்த அறையில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும்தான் கேட்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு பார்சி அதிகாரி கையில் பென்சிலோடு காத்திருந்தார். இந்தப் பக்கம் என் சித்தி. உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன, குரல்தான் வரவில்லை. பயந்துபோய்விட்டாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். சுவரோர நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் நடப்பது என்னவென்று தெரியும். அவர் கேட்டது பதினேழாவது கேள்வி. சித்தி முதல் பதிலிலிருந்து ஆரம்பித்து, மனசுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு பதினேழை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தாள். இந்தக் கூத்துக்கு முழுக் காரணம் நான்.

சித்தி என்றால் என் அம்மாவின் தங்கை. அறுபதுகளின் நடுவில், ஒரு மழைக்காலத் தொடக்கத்தில், சித்தப்பா டைபாய்டில் போய்ச் சேர்ந்தார். கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா அவர். குழந்தை கிடையாது. முப்பத்து நாலு வயதில் சித்தி, மாட்டுங்காவில் எங்கள் இரண்டு அறை வீட்டுக்கு ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்துவிட்டாள். வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்துபோனால், அவர் குடும்பத்துக்கு ஒரு தொகையைக் கொடுத்து அனுப்புவது, அல்லது குடும்பத்தில் ஒருவருக்கு வேலை கொடுப்பது என்று அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. எதுவானாலும் அதிகாரியை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். தொகையை வாங்கிக்கொண்டு சித்தியைப் பாலக்காட்டுக்கு அழைத்துப் போய்விடுவது என்று சித்தப்பாவின் அண்ணா முடிவு செய்து, கடிதமும் போட்டுவிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் அங்கே அவர் வீட்டில் பதினோரு பேர். சித்திக்கு அங்கே காத்திருந்தது ஒரு சமையல் கட்டு, ஆயுசுக்கும்.

கடிதத்தைப் படித்துவிட்டுச் சித்தி என்னிடம் வந்தாள். நான் அப்போது பி.ஏ. முதல் வருஷம், ஆங்கில இலக்கியம். தலைக்கனத்துக்குக் கேட்க வேண்டாம். “எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தரியாடி? அந்த ஆபீசர் முன்னாடி நாலு வார்த்தை பேசற அளவுக்கு வந்தாப் போறும்” என்றாள். ஊரில் எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். பேசியதே இல்லை.

மத்தியானம் பாத்திரம் கவிழ்த்த பிறகு, பால்கனியில் காயும் துணிகளுக்கு நடுவே எங்கள் வகுப்பு. நடக்காமல் போனவற்றைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுவது எப்படி என்ற பாடத்துக்கு வந்தபோதுதான் சித்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். போயிருக்கலாம், போயிருக்க வேண்டும், போயிருப்பேன் என்று நாம் சொல்லின் வாலில் ஒட்டிவிடுவதை, அவர்கள் குட் ஹாவ், ஷுட் ஹாவ், வுட் ஹாவ் என்று முன்னாலேயே தனித்தனியாக நிறுத்துகிறார்கள் என்று விளக்கினேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். மறுநாள் நோட்டை நீட்டினாள். வேறு டாக்டரிடம் காட்டியிருக்கலாம். காய்ச்சல் வந்த அன்றே நான் அவரை ஆபீசுக்கு அனுப்பாமல் இருந்திருக்க வேண்டும். எனக்குப் படிப்பு இருந்திருந்தால் மருந்துச் சீட்டையாவது படித்திருப்பேன். ஆறு வாக்கியங்கள், ஒன்றிலும் பிழை இல்லை. சிவப்பு மைப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. “என்னடி, அவ்வளவு தப்பா?” என்று பதறினாள் சித்தி.

ஒன்றைவிட இன்னொன்று தேவலை என்று சொல்வதற்கு ‘வுட் ராதர்’ என்று கற்றுக் கொடுத்தபோது மட்டும் சிரித்தாள். “தேவலைன்னு சொல்றதுக்கு இத்தனை சுத்தணுமா?” என்று கேட்டாள். ஆனாலும் அது அவளுக்குப் பிடித்துப் போய்விட்டது. காப்பியா டீயா என்றால் கூட, ஐ வுட் ராதர் காப்பி என்பாள். நடுவில் ஒரு வினைச்சொல் வேண்டும் என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

நேர்முகத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது என் புத்திசாலித்தனம் வேலை செய்தது. அதிகாரி என்னென்ன கேட்பார் என்று நானே யோசித்து, முப்பது கேள்விகளும் பதில்களும் எழுதிக் கொடுத்தேன். சித்தி அதை சுலோகம் சொல்வது போல மனப்பாடம் செய்தாள். அங்கேதான் கோட்டை விட்டேன். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் சகஸ்ரநாமத்தைக் காதால் கேட்டே கற்றவர்கள். ஆரம்பித்துவிட்டால் கடைசி வரை தங்குதடை இல்லாமல் ஓடும். நடுவில் ஒரு வரியைச் சொல் என்றால் யாராலும் முடியாது. மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். முப்பது பதில்களும் சித்தி வாயில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தன. தினமும் வரிசையாகவே ஒப்பித்தாள், நானும் வரிசையாகவே கேட்டுத் தொலைத்தேன்.

அன்று அந்த அதிகாரி சித்தியின் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. அவையெல்லாம் அவர் முன்னால் இருந்த காகிதத்திலேயே இருந்தன. எடுத்த எடுப்பில், வேலை கொடுத்தால் தினமும் எப்படி வந்து போவீர்கள் என்றார். என் கணக்கில் அது பதினேழு.

சித்தி எட்டாவது பதிலையாவது தாண்டியிருப்பாளா தெரியாது. இதற்காகவே பாலக்காட்டிலிருந்து வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவின் அண்ணா தொண்டையைச் செருமினார். நல்ல ஆங்கிலம் அவருக்கு. பாவம், வீட்டை விட்டு வெளியே வராத பெண், என் தம்பி இருந்திருந்தால் இங்கே வந்திருக்கவே மாட்டாள், வேலையைவிடத் தொகையை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவதையே விரும்புவாள் என்றார். “ஷி வுட் ராதர் கோ ஹோம், சார்.” அதிகாரி தலையசைத்துவிட்டு, தொகை என்று எழுதப் பென்சிலைக் காகிதத்தில் வைத்தார்.

சித்தியின் உதடுகள் நின்றன.

“நோ சார்” என்றாள். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. “ஐ வுட் ராதர் ஒர்க்.”

முப்பது பதில்களில் அந்த வாக்கியம் கிடையாது. நான் எழுதிக் கொடுத்தது இல்லை. வினைச்சொல் கூடச் சரியாக இருந்தது! நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அதிகாரி எழுதாமலே பென்சிலை எடுத்துவிட்டார். உங்களுக்கு ஆங்கிலம் இவ்வளவு கொஞ்சமாக இருக்கிறதே, இத்தனை நாளில் கற்றுக்கொண்டிருக்கலாமே என்றார். குற்றமாகக் கேட்கவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். சித்தி கொஞ்சம் யோசித்தாள். “எஸ் சார். ஐ குட் ஹாவ் லேர்ன்ட். நோபடி ஆஸ்க்டு மீ.” மூச்சு வாங்கிக்கொண்டு, “நவ் யூ ஆர் ஆஸ்கிங்” என்றாள். கற்றுக்கொண்டிருக்கலாம்தான், யாரும் கேட்கவில்லை, இப்போது நீங்கள் கேட்கிறீர்கள். அவ்வளவுதான் சொன்னாள்.  அவர் மணியடித்து ஹெட் கிளார்க்கைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து இந்த அம்மாவுக்குத் தபால் பிரிவில் இடம் போடுங்கள் என்றார். எனக்குக் கைதட்ட வேண்டும் போல் இருந்தது. வெளியே வந்து படிக்கட்டில் யாரும் இல்லாதபோது தட்டியும் விட்டேன்.

வாசலில் மழை. சித்தப்பாவின் அண்ணா குடையை விரிக்காமலே நின்றார். “தம்பி இருந்திருந்தா இதுக்குச் சம்மதிச்சிருக்க மாட்டான்” என்றார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

“இருந்திருந்தா நானும் கேட்டிருக்க மாட்டேன், அண்ணா” என்றாள் சித்தி. “இல்லையே. அதனாலே எனக்கு நானே சம்மதிச்சுண்டேன்.”

அவர் குடையை விரித்துச் சித்தியின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வி.டி. ஸ்டேஷன் வரை நனைந்துகொண்டே நடந்து வந்தார். அந்த ஒரு காரியத்துக்காக அவர் மேல் எனக்கு இன்றுவரை மரியாதை உண்டு.

பின்னாளில் நான் ஆங்கிலம் கற்பிப்பவள் ஆனேன். செம்பூரில் ஒரு கல்லூரியில் முப்பது வருஷம். குட் ஹாவ் பாடம் வரும்போதெல்லாம் புத்தகத்தில் தவறவிட்ட ரயிலும் தவறவிட்ட பரீட்சையுமாகத்தான் உதாரணங்கள் இருக்கும். அவற்றைத் தள்ளிவிட்டு, பெயர் சொல்லாமல் சித்தியின் வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதுவேன். எழுதும்போது ஒரு தடவை கூட எனக்கு வருத்தம் வந்ததில்லை. கர்வம்தான் வரும். மனப்பாடம் செய்து பதில் சொல்ல மட்டும் ஒரு மாணவியையும் விட்டதில்லை. அதில் நான் பட்டது போதும்.

அந்தத் திங்கட்கிழமை காலை, முதல் நாளாயிற்றே என்று மாட்டுங்கா ஸ்டேஷன் வரை கூடப் போனேன். பெண்கள் பெட்டியில் நிற்க இடமில்லாத கூட்டம். நானும் ஆபீஸ் வாசல் வரை வருகிறேன் என்றேன்.

“நாளைக்கும் வருவியோ?” என்று கேட்டாள் சித்தி.

“நாளைக்குக் காலேஜ் இருக்கே.”

“நாளன்னிக்கு?”

“அன்னிக்கும்தான்.”

“அப்போ இன்னிக்கு மட்டும் எதுக்கு?” என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். வண்டி நின்றதும், இறங்குகிறவர்களுக்குக் கூட வழிவிடாமல், முழங்கையால் இடித்துக்கொண்டு, பத்து வருஷமாக அதில் போய் வருகிறவளைப் போல ஏறிவிட்டாள்.