மூச்சைக் கேட்டு எடை சொன்ன ஸ்டெல்லா மேடம்

ஸ்டெல்லா மேடம் போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் செய்து சொன்னாள்... தூக்கத்திலேயே போய்விட்டாராம். சாயங்காலம் அடக்கம்.

கோவையில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட்டாக இருந்தவர். தொண்ணூறுகளில், பெரியநாயக்கன்பாளையத்தில் நான் பட்டறை வைத்திருந்த காலம். ஷெட் கூரையிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் அவரிடம் போய்ச் சேர்ந்தேன்.

டிஸ்சார்ஜ் ஆகி வந்ததும் சொந்தபந்தம் முழுக்க பலகாரத்தோடு பார்க்க வந்தது. "கால்தான் போச்சு, வாயாவது ருசியாத் திங்கட்டும்!" போண்டா, ஜிலேபி, அரிசிம்பருப்புச் சோற்றுக்கு மேலே குளம் மாதிரி நெய்...

நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேறு என்ன சந்தோஷம் இருந்தது எனக்கு?

உடம்பு ஊதிக்கொண்டே போனது. என்னைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்க என் மனைவி சாந்தி ஒருத்திதான். ஒல்லி உடம்பு. குனிந்தால் நிமிர முடியாத அளவுக்கு அவளுக்கு இடுப்பு வலி வந்துவிட்டது. அவள் படுத்துவிட்டால் என் கதை முடிந்தது.

வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போக டாக்ஸி வேண்டும், தூக்க நாலு ஆள் வேண்டும். "பட்டறை போன் ஊட்லதான இருக்குது தம்பி? அதுலயே பேசிக்கலாம்" என்றார் மேடம்.

வியாழக்கிழமை சாயங்காலம் போன் வரும். என்ன சாப்பிட்டேன், கட்டில் விளிம்பில் கையை ஊன்றி உடம்பைத் தூக்கினேனா... எல்லாம் கேட்பார். எடை மட்டும் தெரியாது. நிறுத்துப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் நிற்க வேண்டுமே!

அதனால் சாந்தியிடம் கேட்பார். "ஏனுங் அம்மணி, தூக்கறதுக்கு எப்படி இருக்குது?"

"லேசாத்தானுங்க இருக்காரு." எந்த வாரம் கேட்டாலும் இதே பதில். புருஷன் கனமாக இருக்கிறான் என்று வெளியாளிடம் சொல்வாளா என்ன... நம்ம ஊர் மரியாதை அப்படி.

ஒரு வியாழக்கிழமை மேடம் சொன்னார்: "ரிசீவரைக் கட்டில்ல வெச்சுப்போட்டு அவரைத் தூக்குங்க அம்மணி. நான் கேக்கறேன்."

வைத்தாள். தூக்கினாள். என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ரிசீவரை என் கையில் கொடுத்தாள்.

அந்தப் பக்கத்திலிருந்து மேடம் கேட்டார்.

"தம்பி... அந்தப் புள்ள மூச்சு வாங்கறது எனக்கு இங்க வரைக்கும் கேக்குது. பக்கத்துல இருக்கற உங்களுக்குக் கேக்கலீங்களா?"

அழுதுவிட்டேன்.

மறுநாள் வந்த ஜிலேபியைத் திருப்பி அனுப்பினேன். கொண்டுவந்த பெரியப்பா மாசக்கணக்கில் என்னோடு பேசவில்லை!

அப்புறம் பாதிச் சோறு, கொள்ளுப் பருப்பு, கை எக்சர்சைஸ். கை வலி தாங்காமல் ஒருநாள் போனிலேயே கத்தினேன், "உங்களுக்கென்னங்க, ஒக்காந்த எடத்துல சொல்லிப்போடறீங்க!"

"நல்லா கத்துங்க தம்பி, நெஞ்சுக்கு நல்லது" என்று சிரித்தார். முழுசாகக் கோபப்படக்கூட விடமாட்டார்.

வியாழக்கிழமைதோறும் ரிசீவர் கட்டிலில் கிடக்கும், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். நானும் மெல்ல மெல்ல, கையை ஊன்றிப் பாதி தூரம் நானாகவே நகரக் கற்றுக்கொண்டேன்.

அப்படி ஒரு வாரம் ரிசீவருக்குள்ளிருந்து மேடம் சத்தம் போட்டார். "ஏனுங் அம்மணி, தூக்கறீங்களா இல்லீங்களா? ஒரு சத்தத்தையும் காணோம்?"

"அப்பவே தூக்கிப்போட்டனுங்க மேடம்!" சாந்தி சொன்னாள். அந்தப் பக்கம் மேடம் குழந்தை மாதிரி சிரித்தார்.

இன்றைக்கு எங்கள் மகன் ஊரில் இல்லை. என்னைக் காரில் ஏற்ற ஆள் கிடைக்கவில்லை.

"நானே தூக்கி ஏத்தறனுங்க... இன்னைக்கு ஒரு நாள்" என்று சாந்தி அழுதாள். அறுபதை நெருங்குகிறாள்.

முடியவே முடியாது என்று சொல்லி அவளை மட்டும் பஸ்ஸில் அனுப்பிவிட்டேன்.

நான் வரலீங்க மேடம். சாந்தி வாரா.

போயிட்டு வாங்க...