காதரின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்

1. கார்டு வந்தது

டைப் அடித்தே வயிற்றைக் கழுவியவள் நான். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் ஒரு விஷயத்தை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இப்போது வேலைக்கு அலைகிற பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன். நிதானமாக எழுதச் சொல்லாதீர்கள், எனக்கு வராது.

எழுபதுகளின் ஆரம்பம். பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஒரு சின்ன ப்ரஸ் ஷாப். தகட்டை மெஷினில் வைத்து அடித்து, லாரிகளுக்கு வாஷரும் கிளாம்ப்பும் செய்து கொடுப்பார்கள். ஆபீஸ் என்பது தகரக் கூரைக்குக் கீழே ஒரு தடுப்பு. அதற்குள் முதலாளி, நான், டைப் மெஷின், ஒரு பச்சை இரும்பு பீரோ. கிழக்குத் தாம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன்.

காதர் அங்கே ப்ரஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். பீர்க்கன்கரணையில் ஏரிப் பக்கம் வீடு. அப்பா தையல்காரர். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவன், ஆள் நல்ல உயரம். ஒருநாள் டீ நேரத்தில் கிரீஸ் கையோடு தடுப்புக்குள் ஓடிவந்தான்.

"ரெஜினாக்கா, கார்டு வந்துடுச்சு! கான்ஸ்டபிள் செலக்‌ஷன். செங்கல்பட்டுல கிரவுண்டு. உயரம், மார்பு, ஓட்டம் எல்லாம் பாத்துட்டு அன்னிக்கே சர்ட்டிபிகேட்டும் பாப்பாங்களாம்."

"அப்புறம் என்ன, உன் உயரத்துக்கு யார் வேண்டாம்னு சொல்லுவா?"

"இந்தத் தபா வுட்டா வயசு தாண்டிடும்க்கா. இதான் கடைசி. கையில பத்து வெரலும் முழுசா இருக்கறப்பவே இங்கேர்ந்து போயிடணும்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் ஷாப்பில் மெஷினில் மாட்டி விரல் குறைந்தவர்கள் இருந்தார்கள். ஒரு விரல் போனால் ப்ரஸ்ஸில் வேலை செய்ய விடுவார்கள், போலீஸில் எடுக்க மாட்டார்கள்.

2. ட்ரூ காப்பி

அப்போது ஜெராக்ஸ் கடை கிடையாது. சர்ட்டிபிகேட்டை எழுத்துக்கு எழுத்து டைப் அடித்து, மேலே 'ட்ரூ காப்பி' என்று போட்டு, ஒரு கெஜட்டட் ஆபீசரிடம் ஒரிஜினலையும் காட்டிக் கையெழுத்தும் சீலும் வாங்க வேண்டும். காதர் எங்கள் ஷாப்பில் சேருவதற்கு முன்பே அப்படி இரண்டு காப்பி வாங்கி வைத்திருந்தான். அதில் ஒன்றை வைத்துத்தான் விண்ணப்பம் போட்டிருந்தான்.

கார்டில் கேட்டிருந்த மற்ற காகிதங்களுக்கு அவன் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இந்த ஊர்க்காரன் என்று கிராம முன்சீப் எழுதித் தர வேண்டும். அதை வைத்துத் தாலுகா ஆபீசில் சர்ட்டிபிகேட் வாங்க வேண்டும். முன்சீப் வீட்டுக்குப் போனால் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். தாலுகா ஆபீசுக்குப் போனால் கிளார்க் லீவு. லீவு கேட்டுக் கேட்டு இவன் முதலாளியிடம் திட்டு வாங்கினான்.

எல்லாவற்றையும் விட எனக்கு எரிச்சல் ஊட்டியது நன்னடத்தை சர்ட்டிபிகேட். இரண்டு கெஜட்டட் ஆபீசர்கள், இவனைப் பல வருஷமாக நேரில் தெரிந்தவர்கள், சொந்தக்காரர்களாக இல்லாதவர்கள், இவன் ஒழுங்கானவன் என்று எழுதித் தர வேண்டுமாம். தையல்காரர் மகனைப் பல வருஷமாகத் தெரிந்த ஆபீசருக்கு எங்கே போவது? தெருவே அவனை நல்ல பையன் என்று சொல்லும், ஆனால் தெருவுக்கு சீல் கிடையாதே! கடைசியில் அவன் அப்பாவிடம் சட்டை தைக்கிற அரசாங்க டாக்டர் ஒருவர் எழுதித் தந்தார். இன்னொருவர், இவன் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், சிறு வயதிலிருந்தே தெரியும் என்று கையெழுத்துப் போட்டார். இரண்டையும் டைப் அடித்தவள் நான்தான்.

ஆக, கேட்ட காகிதமெல்லாம் கைக்கு வந்துவிட்டது. வராதது ஒன்றே ஒன்று. அது யாரும் புதிதாக எழுதித் தர வேண்டியதே இல்லை. மார்க்கும் பிறந்த தேதியும் பதிந்து ஸ்கூலில் தந்த, அவனுடைய சொந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்.

3. பீரோ

எங்கள் ஷாப்பில் வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் நாளே ஒரிஜினலை முதலாளியிடம் கொடுத்துவிட வேண்டும். படித்தவர்கள் என்றால் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பாதியில் நின்றவர்கள் என்றால் ஸ்கூல் டி.சி. அதை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டுவார். ரசீது கிடையாது. அந்தப் பக்கத்தில் இன்னும் சில ஷாப்புகளில் இதே வழக்கம்தான். ஆள் ஓடிப்போகாமல் இருக்கவாம்! மாட்டைக் கட்டி வைக்கிற மாதிரி மனுஷனைக் கட்டி வைக்க ஒரு வழி. என்னுடைய புத்தகமும் உள்ளேதான் இருந்தது.

காதர் போய்க் கேட்டான். முதலாளி கோபப்படவே இல்லை. அவருக்குக் கோபம் வராது. அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத விஷயம்.

"அதுக்கென்ன தம்பி, தர்றேன். சாவி வீட்டுல இருக்கு."

மறுநாள், "செவ்வாய்க்கிழமை பீரோ திறக்கிற வழக்கம் இல்லப்பா."

அதற்கு மறுநாள், "ஒரு அர்ஜென்ட் ஆர்டர். முடிச்சுக் குடுத்துட்டு வாங்கிக்க."

செலக்‌ஷனுக்கு இன்னும் நாலைந்து நாள்தான் இருந்தது. நானே எழுந்து போய்ச் சொன்னேன். "சார், அந்தப் பையனுக்கு இதுதான் கடைசி சான்ஸ்."

"நீ உன் லெட்டரைப் பாரும்மா. தொழில் கத்துக் குடுத்தது நான். இவன் போயிட்டா நாளைக்கு மெஷின்ல நீ நிப்பியா? இவனைப் பாத்து இன்னும் நாலு பேர் கிளம்புவான்."

அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

4. ஏட்டையா வந்தார்

வேறு வழி தெரியாமல் காதர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். துணைக்கு நானும் போனேன். ஏட்டையா முழுவதையும் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இதுக்கா இம்மாம் பேஜாரு? பஸ்ஸுல வர சொல்ல புக்கு தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடு. நான் ஒரு சர்ட்டிபிகேட் வாங்கித் தரேன். அதை வச்சு டூப்ளிகேட்டுக்கு எழுதிப் போட்டுட்டேன்னு கிரவுண்டுல சொல்லு. அவனவன் அப்படித்தான் பண்ணிகினு இருக்கான்."

காதர் தயங்கித்தான் பேசினான். ஆனால் தெளிவாகப் பேசினான்.

"போலீஸ்ல சேர்றதுக்கு போலீஸ்கிட்டயே பொய் எழுதிக் குடுக்கவா சார்? புக்கு அவராண்ட கீது. நாளைக்கு அவரு அதை எடுத்துக்கினு போயி காட்டுனா, என் வேலையும் பூடும், மானமும் பூடும்."

ஏட்டையா அவனை ஒரு பார்வை பார்த்தார். என்ன தோன்றியதோ, தொப்பியை எடுத்துக்கொண்டு சைக்கிளில் எங்கள் பின்னாலேயே ஷாப்புக்கு வந்துவிட்டார். எனக்கு நம்பிக்கை வந்தது. முதலாளி அவரை உட்கார வைத்து சோடா வாங்கிவரச் சொன்னார்.

"புக்கா? எந்த புக்கு சார்? நான் யார்கிட்டயும் எதுவும் வாங்கலியே. இந்தப் பையன் எங்கயோ தொலைச்சுட்டு என் பேரைச் சொல்றான். ரசீது இருக்கா, கேளுங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை நாள் நாளைக்கு, நாளைக்கு என்று சொன்ன வாய் அது! ஏட்டையா என் பக்கம் திரும்பினார்.

"நீ இன்னாம்மா சொல்றே?"

என் வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான். அம்மாவுக்கு மருந்து, தம்பிக்குப் படிப்பு. முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பயந்தேன், அதை மறைப்பானேன். ஆனால் ஆத்திரம் பயத்தை விட ஒரு படி அதிகமாக இருந்தது.

"என் கண்ணு முன்னாடி வாங்கினார் சார். என் புக்கும் அதே பீரோவுலதான் இருக்கு."

"சாவி என் சம்சாரத்துகிட்ட இருக்கு. அவ மாடம்பாக்கம் கோயிலுக்குப் போயிருக்கா," என்றார் முதலாளி.

ஏட்டையா சோடாவைக் குடித்து முடித்தார். "முதலாளி, தொழிலாளி, ரெண்டு பேரும் பேசித் தீத்துக்குங்க. இதுல நான் இன்னா பண்றது," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். போகும்போது காதரைப் பார்த்து, "நீ ஏன்யா ஒரிஜினலைக் குடுத்தே? படிச்சவன்தானே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

5. திறந்தது

அன்று சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ரெஜினா, நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

"சரி சார். என் புக்கைக் குடுங்க, போறேன்."

ஆளை நிறுத்திய பிறகு பிடித்து வைக்க என்ன இருக்கிறது? என்னை அங்கிருந்து அனுப்பினால் போதும் என்று இருந்திருக்கும். மாடம்பாக்கத்தில் இருந்த சாவி அவர் பனியன் பையிலிருந்து வந்தது. பீரோவிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். அத்தனை பேருடைய புத்தகமும் டி.சி.யும் ஒரே கட்டு. கோணி ஊசியால் குத்தி ஓட்டை போட்டு, பழைய பில்களைக் கோர்க்கிற மாதிரி கயிற்றில் கோர்த்து வைத்திருந்தார்.

ஷிப்ட் முடிந்து கிளம்பிய காதர் தடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். முதலாளி கயிற்றை அவிழ்த்து என்னுடையதை உருவிக்கொண்டிருக்கும்போதே உள்ளே வந்து, கட்டிலிருந்து தன் புத்தகத்தைத் தானே எடுத்துக்கொண்டான். பிடுங்கவில்லை, சத்தம் போடவில்லை.

"திருடன்! டேய், போலீஸ்ல சொல்லுவேன்!"

"சொல்லுங்க முதலாளி," என்றேன் நான். "இங்கே புக்கே இல்லைன்னு மத்தியானம் ஏட்டையாகிட்ட சொன்னீங்க. இல்லாத புக்கை எப்படித் திருடினான்னு எழுதிக் குடுப்பீங்க?"

அவர் மிச்சக் கட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். எனக்கு வேலை போன வருத்தமே அந்த நிமிஷம் இல்லை. வெளியே ரோட்டுக்கு வந்து காதர் தன் புத்தகத்தைப் பிரித்தபோதுதான் பார்த்தோம். ஊசி குத்திய ஓட்டை, கட்டோடு இழுபட்டு இழுபட்டு விரல் நுனி நுழைகிற அளவுக்குக் கிழிந்திருந்தது. முதல் பக்கத்தில் பிறந்த தேதி இருந்த இடம். நாளும் மாதமும் இருந்தன. வருஷம் இல்லை.

"ட்ரூ காப்பியில இருக்குல்லக்கா, அது போதும்," என்றான். நானும் போதும் என்றேன். வேறு என்ன சொல்ல?

6. செங்கல்பட்டு

செலக்‌ஷன் அன்று இரவு அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். உயரம் சரி. மார்பு சரி. ஓட்டத்தில் முன்னால் வந்தவர்களில் ஒருவன். சர்ட்டிபிகேட் மேஜையில் இருந்த ஆபீசர் புத்தகத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாராம்.

"வருஷத்தை ஏன் கிழிச்சிருக்கே?"

"நான் கிழிக்கலை சார். வேலை பாத்த இடத்துல ஓட்டை போட்டுட்டாங்க. காப்பியில தேதி இருக்கு சார்."

"காப்பியைச் சரியான்னு பார்க்கத்தான் ஒரிஜினல் கேக்கறோம். ஒரிஜினலைச் சரியான்னு பார்க்க காப்பியைக் காட்டறியா? வயசைத் திருத்தறவன் எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கிறான். ஸ்கூல்லேர்ந்து எழுதி வாங்கி, லிஸ்ட் முடியறதுக்குள்ள கொண்டு வா."

அது மே மாதம். ஸ்கூல் பூட்டிக் கிடந்தது. ஹெட்மாஸ்டர் சொந்த ஊருக்குப் போயிருந்தார். காதர் ஊரை விசாரித்துக்கொண்டு அங்கேயும் போய்ப் பார்த்தான். ரிஜிஸ்டர் ஸ்கூலில் இருக்கிறது, திறந்த பிறகுதான் பார்த்து எழுதித் தர முடியும் என்றார். ஸ்கூல் திறப்பதற்குள் லிஸ்ட் முடிந்துவிட்டது. அடுத்த வருஷம் அவனுக்கு வயது தாண்டிவிட்டது.

அவ்வளவுதான். உயரமும் ஓட்டமும் படிப்பும் நேர்மையும் இருந்த ஒருவன் கான்ஸ்டபிள் ஆகவில்லை. வீட்டுச் செலவுக்காகக் குரோம்பேட்டையில் வேறொரு ப்ரஸ் ஷாப்பில் சேர்ந்தான். அங்கேயும் முதல் நாள் ஒரிஜினலைக் கேட்டார்கள். அவர்கள் ஓட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வயதைக் காட்ட உதவாத புத்தகம் ஆளைக் கட்டி வைக்க நன்றாக உதவியது.

ஏன் கொடுத்தாய் என்று ஏட்டையா அவனைக் கேட்டார். அந்த மேஜை ஆபீசரும் கேட்டாராம். அவன் அப்பாவும் கேட்டு அழுதார். ஏன் வாங்கினாய் என்று முதலாளியை ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே நான் பெருங்களத்தூருக்கு பஸ் ஏறிப் போய்க் கேட்டேன்.

"நம்பிக்கைக்குத்தாம்மா," என்றார், அதே சிரிப்போடு. "ஒருத்தரை ஒருத்தர் நம்பணும்ல?"

"அப்ப எங்க நம்பிக்கைக்கு நீங்க எதைக் குடுத்தீங்க சார்?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. அதை நினைத்தால்தான் இன்றும் எனக்கு ஆறவில்லை.

அதற்குப் பிறகு தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஜாப் டைப்பிங் கடையில் சேர்ந்தேன். பிறகு அந்தக் கடையையே எடுத்து நடத்தினேன். போலீஸ் வேலைக்கு, ரயில்வே வேலைக்கு என்று பிள்ளைகள் ட்ரூ காப்பிக்கு வருவார்கள். பழைய காப்பி ஒன்றைக் கொண்டுவந்து, இதைப் பார்த்தே அடியுங்கள் என்பார்கள். ஒரிஜினல் எங்கே என்று கேட்பேன். "கம்பெனில கீதுக்கா" என்று எவனாவது சொன்னால் மெஷினை மூடி, கடையைப் பூட்டிவிட்டு அவனோடு கிளம்பிவிடுவேன். பிள்ளைகளே, நான் கற்ற பாடம் இதுதான். ஒரிஜினலைக் காட்டுங்கள், கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால் கேட்கத் தனியாகப் போகாதீர்கள்.

போன இடத்தில் எல்லா முதலாளியும் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்பார்கள்.

"நீ யாரும்மா இவனுக்கு?"

"டைப் அடிக்கிறவ. ஒரிஜினலை எடுங்க."